நட்பு அதிகாரத்தில் இல்லாத குறள்: ஒப்படைப்பில் செயற்கை நுண்ணறிவுக்கு என்ன விதி எழுதலாம்?

கேள்வி: பொதுத்தமிழ் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் அரசு உதவி பெறும் கலைக்கல்லூரி ஒன்றில் பகுதி 1 தமிழ் நடத்துகிறேன். என் வகுப்பில் இருப்பவர்கள் வணிகவியலும் கணினி அறிவியலும் படிக்க வந்த முதலாமாண்டுப் பிள்ளைகள். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தாம். தமிழ்த்தாளில் தேறினால் போதும் என்று நினைத்து வருகிறவர்களை எழுத வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் ஒப்படைப்புத் தலைப்பை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக யோசித்துத்தான் கொடுப்பேன்.

இந்தப் பருவத்துத் தலைப்பு: திருக்குறளில் ஒரு குறளை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவிலோ வீட்டிலோ நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றோடு பொருத்தி நான்கு பக்கம் எழுதுங்கள்.

ஒரு மாணவன் நட்பு அதிகாரத்தை எடுத்திருந்தான். 788ஆம் குறள் என்று எண் போட்டு இப்படி எழுதியிருந்தான்:

நட்பின் பெருமை நல்லோர் அறிவர்
நட்பில்லா வாழ்க்கை பாழ்.

உண்மையான 788 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்று தொடங்கும். இவன் எழுதியிருப்பது 1330இல் எங்கும் கிடையாது. அழைத்துக் கேட்டேன். சாட்ஜிபிடியிடம் வாங்கியதாக உடனே சொல்லிவிட்டான். "இது குறள் இல்லையா அம்மா? எண்ணெல்லாம் கொடுத்ததே" என்றான். அவன் என்னை ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் யார் எழுதியது என்று சொல்லாமல் அந்த இரண்டு அடியையும் கரும்பலகையில் எழுதி அலகிடச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் எல்லோரும் செய்த பயிற்சிதான். சீர் ஏழு, சரி. ஈற்றுச்சீர் 'பாழ்', நாள் என்னும் வாய்பாடு, அதுவும் சரி. பிறகு ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துகிறதா என்று தளை பார்த்தோம். 'பெருமை' புளிமா, மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், ஆனால் 'நல்லோர்' நேரில் தொடங்குகிறது. 'அறிவர்' முடிந்து 'நட்பில்லா' வரும் இடத்திலும் அதே கோளாறு. 'வாழ்க்கை'க்கும் 'பாழ்'க்கும் நடுவிலும் அதே. மூன்று இடத்தில் தளை தட்டுகிறது. "வெண்பாவே ஆகாதது குறள் வெண்பா எப்படி ஆகும்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். யாப்பு எதற்குப் பயன்படும் என்று ஆண்டுதோறும் கேட்கிற வகுப்பு அது. அன்று யாரும் அதைக் கேட்கவில்லை.

இவ்வளவும் நல்லபடியாகவே முடிந்தது. என் கவலை வேறொரு மாணவியைப் பற்றியது. கிளை நூலகத்தில் வளர்ந்த பிள்ளை. எழுத்து தெளிவாக, பிழையில்லாமல் இருக்கும். விருந்தோம்பலை எடுத்துக்கொண்டு, அறுவடைக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கும் ஆட்களுக்குத் தன் பாட்டி சோறு போடுவதைப் பற்றி எழுதியிருந்தாள். இணையத்தில் கிடைக்கும் ஒரு கண்டறியும் மென்பொருளில் சக ஆசிரியர் ஒருவர் அதைப் போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று காட்டியது. அவள் அடித்தல் திருத்தலோடு இருந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள்.

இப்போது துறையில் ஒரு விதி கொண்டுவரப் பார்க்கிறார்கள். எல்லா ஒப்படைப்பையும் மென்பொருளில் போடுவது. பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மதிப்பெண் பூச்சியம். ஆய்வேடுகளுக்குப் பத்து விழுக்காடு என்று இருக்கிறதே, அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அகமதிப்பீடு 25 மதிப்பெண். அதில் ஒரு பூச்சியம் விழுந்தால் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். எதிர்ப்பதோடு நிற்காமல் மாற்று விதி ஒன்றைக் கையில் கொண்டுபோக விரும்புகிறேன். ஆசிரியர்களும் வினாத்தாள் எடுக்க இதே கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் சேர்த்து விதி வேண்டும் என்பது என் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: மொழிக்கணினிப் பணியாளர், சென்னை

அம்மா, முதலில் அந்தப் பத்து விழுக்காடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் வருவது ஒப்புமை விழுக்காடு. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எத்தனை வரி ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்ப்பது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். மாணவரும் சரிபார்க்க முடியும். செயற்கை நுண்ணறிவைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருளில் அப்படிக் காட்டுவதற்கு மூலம் எதுவும் இல்லை. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியதாக இருக்கிறது என்பது போன்ற அடையாளங்களை வைத்து ஓர் ஊகத்தைச் சொல்கிறது. இரண்டு விழுக்காடும் வேறு வேறு அளவைகள். ஒன்றின் வரம்பை மற்றொன்றுக்கு வைப்பது எந்த வகையிலும் பொருந்தாது. கூட்டத்தில் இதைத்தான் முதலில் பேசச் சொல்வேன்.

அந்த ஊகம் எவ்வளவு நம்பத்தக்கது? சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகப் பிடித்தது; மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. இவை அந்த நிறுவனமே வெளியிட்ட கணக்குகள். ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளில் இன்னும் மோசம், ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒன்பது விழுக்காடு என்றால் அறுபது பேர் வகுப்பில் ஐந்து பிள்ளைகள். தாமே எழுதிய ஐந்து பேர்.

அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் அந்தத் தவறு மிகக் குறைவு. எளிய, பழகிய சொற்களில் ஒழுங்காக எழுதுகிறவர்தான் சிக்கிக்கொள்கிறார். உங்கள் நூலகப் பிள்ளைக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் தமிழுக்கு எவ்வளவு சோதித்தோம் என்று விற்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராதவர்களின் எண்ணை வைத்து ஒரு பிள்ளைக்குப் பூச்சியம் போடக்கூடாது.

சாட்ஜிபிடியிடமே "இதை நீதான் எழுதினாயா?" என்று கேட்பதும் வேண்டாம். தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதைப் புரட்டிப் பார்த்து அது பதில் சொல்வதில்லை.

இல்லாத குறள் வந்ததற்கும் காரணம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. இந்த மாதிரிகள் தொடர்ந்து வரத்தக்க சொற்களை அடுக்குகின்றன; தேடுபொறியோ நூலோ இணைக்கப்படாத நிலையில் எந்தப் பக்கத்தையும் திறந்து பார்ப்பதில்லை. ஏழு சீர், நட்பு, எண், எல்லாம் குறள்போலவே வரும். 2023 ஜூனில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து நீதிமன்றம் 5000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகள் இருந்தன. படித்துப் பட்டம் வாங்கி வாதாடுகிறவர்களே சரிபார்க்காமல் விட்டார்கள். உங்கள் மாணவனுக்கு அது முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்று. பிள்ளைகளின் பெயரும் பதிவெண்ணும் இருக்கும் தாள்களை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.


பதில் 2: ஓய்வுபெற்ற பேராசிரியர்

அன்புள்ள அம்மையாருக்கு. நான் முழுத் தடையை ஆதரிப்பவன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்தியை எழுதி, அடித்து, திரும்ப எழுதும்போதுதான் தான் நினைத்தது என்ன என்றே மாணவனுக்குத் தெரியவருகிறது. அந்த உழைப்பை விட்டுவிட்டு விளைந்த கட்டுரையை மட்டும் கையில் வாங்கி என்ன பயன்? நீச்சல் கற்க வந்தவனைத் தோணியில் ஏற்றி அக்கரையில் விடுவதற்கு ஆசிரியர் தேவையில்லை. வகுப்பறையில், ஆசிரியர் முன்னால், கையால் எழுதட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஒப்படைப்பு முறையையே கைவிடுங்கள். மென்பொருளும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம்.


பொதுத்தமிழ் ஆசிரியை

ஐயா, உங்கள் காரணத்தில் எனக்கு முழு உடன்பாடு. தீர்வில்தான் தயங்குகிறேன். கையால் எழுதச் சொன்னாலும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறார்கள். நட்பு ஒப்படைப்பும் கையால் எழுதியதுதான். வகுப்பில் எழுத ஐம்பது நிமிடம் கிடைக்கும். பாட்டியிடம் போய்க் கேட்டு, நூலகத்தில் உரை பார்த்து, நான்கு பக்கம் எழுதும் வேலையை ஐம்பது நிமிடத்தில் அடைக்க முடியாது. அதை விட்டுவிட்டால் மனப்பாடம் மட்டும் மிஞ்சும்.

என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இருக்கிறார். பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியை வைத்து எழுதுகிறார். திரைவாசிப்பான் வழியாகப் படிக்கிறார். பொத்தாம் பொதுவாகத் தடை என்று எழுதினால் முதலில் அடிபடுவது அவர்.

முதல் வரைவை வகுப்பில் என் கண்முன் எழுத வைப்பது என்ற அளவில் உங்கள் யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.


பதில் 3: மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்

வணக்கம் அம்மா. நான் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். உங்களுக்குக் கட்டுரை, எனக்குத் தொகையீடு, சிக்கல் ஒன்றுதான். வீட்டுக்கணக்கு எல்லோரும் முழுமையாகப் போட்டு வருகிறார்கள், இடைத்தேர்வில் முதல் படியிலேயே நிற்கிறார்கள்.

துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு இதில் எனக்கு வழிகாட்டி. ஒரு பிரிவுக்கு வழக்கமான உரையாடல் கருவியைக் கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு, ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளை வைத்து, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய கருவி. பயிற்சியில் இவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். தேர்வில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போனது. மாணவர் என்ன கேட்கலாம், அது எந்த அளவில் பதில் சொல்லலாம் என்பதை ஆசிரியர் வகுத்துக் கொடுத்ததில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது. ஆகவே "பயன்படுத்தலாமா கூடாதா" என்று ஒரே வரியில் விதி எழுதாதீர்கள். எந்தப் பணியில் எதுவரை என்று ஒவ்வொரு ஒப்படைப்பிலும் எழுதுங்கள்.

நான் செய்வது இதுதான்: எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில் திரையிட்டு, கணக்கை இயந்திரத்திடம் கொடுத்து, அதன் விடையை வரிவரியாக மாணவர்களைத் திருத்தச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கைப்பேசி இல்லை. அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும் வீடுகள் என் வகுப்பில் நிறைய. வீட்டில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதி எழுதும்போது அந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்கிறது. கீழ்வகுப்பு ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

உங்கள் தளை பார்க்கும் வகுப்பை எங்கள் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்பில் செய்யப் போகிறார்.


பதில் 4: இரண்டாமாண்டு மாணவி

அம்மா, நான் வேறு கல்லூரி. மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. இரவில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. தனிப்பயிற்சிக்குப் போகப் பணமும் இல்லை. ஒரு பத்தி புரியவில்லை, எளிமையாகச் சொல் என்று கேட்டால் அந்தக் கருவி அலுத்துக்கொள்ளாமல் சொல்கிறது. அதைத் தவறு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் என்னுடைய எழுத்தை அதனிடம் கொடுத்தபோது வேறொன்று நடந்தது. எங்கள் ஊர்க் களத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒற்றுப்பிழை மட்டும் திருத்து என்று கேட்டேன். திருத்தியது. கூடவே, காற்றடிக்கும் பக்கம் பார்த்து அம்மா முறத்தில் நெல் தூற்றுவதையும் பதர் தள்ளிப் போய் விழுவதையும் நான் எழுதியிருந்த இடத்தில் "விவசாயிகள் தானியங்களைச் சுத்தம் செய்யும் பாரம்பரிய முறை முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று மாற்றி வைத்திருந்தது. எங்கள் அம்மாவே அந்தக் கட்டுரையில் இல்லை. நான் பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டு ஒற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இதை நான் ஆசிரியரிடம் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை. விதியை ஒப்படைப்பு கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் நாங்கள் மறைக்க மாட்டோம். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வது எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.


பொதுத்தமிழ் ஆசிரியை

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. அம்மாவைத் திரும்பக் கட்டுரைக்குள் கொண்டுவந்தாயே, அதுதான் எழுதத் தெரிந்தவள் செய்கிற வேலை. நீ செய்ததை ஆசிரியரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

எல்லோருக்கும் நன்றி. துறைக்குக் கொண்டுபோக இப்படி எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு ஒப்படைப்புத் தாளிலும், கொடுக்கும் நாளிலேயே, இந்தப் பணியில் செயற்கை நுண்ணறிவை எதற்குக் கேட்கலாம், எதற்குக் கூடாது என்று ஆசிரியர் எழுதித் தர வேண்டும். பொருள் விளங்கிக்கொள்ளவும் ஒற்று, சந்தி பார்க்கவும் கேட்கலாம். பத்தியை எழுதித் தரச் சொல்லக்கூடாது என்பது என் தாளுக்கான வரம்பு. கேட்ட மாணவர் கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்று வரியில் என்ன கேட்டேன், எதை ஏற்றேன், எதைத் தள்ளினேன் என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்ததற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது. இங்கே எழுதிய இரண்டாமாண்டு மாணவியின் பயம் நியாயமானது. இந்த வரி இல்லாவிட்டால் மீதி எல்லாமே ஏட்டில் கிடக்கும்.

மேற்கோள் காட்டும் எந்தப் பாட்டும் குறளும் அச்சு நூலில் பார்த்ததாக இருக்க வேண்டும். நூலின் பதிப்பும் பக்கமும் எழுத வேண்டும். எங்கள் நூலகத்தில் திருக்குறள் உரைகள் வேண்டிய அளவு இருக்கின்றன, எடுப்பார்தான் குறைவு. முதல் வரைவு வகுப்பில் எழுதப்பட்டு ஒப்படைப்போடு சேர்த்துத் தைக்கப்படும். ஐயா சொன்னது இது.

கண்டறியும் மென்பொருளின் விழுக்காடு எந்த மதிப்பெண்ணுக்கும் எந்த ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆதாரம் ஆகாது. ஐயம் வந்தால் ஆசிரியர் மாணவரோடு உட்கார்ந்து அவர் எழுதியதைப் பற்றிப் பேச வேண்டும். உன் பாட்டி எந்த ஊர் ஆட்களுக்குச் சோறு போட்டார், இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால், எழுதியவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். விருந்தோம்பல் எழுதிய மாணவியிடம் கேட்டேன்; மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். பேச முடியாதவருக்குப் பூச்சியம் கிடையாது; திரும்ப எழுத ஒரு வாய்ப்பு. நட்பு ஒப்படைப்பு எழுதியவனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். உண்மையான 788ஐ எடுத்துக்கொண்டு, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளில் அவன் கேட்பதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டு வந்து நின்ற நண்பனைப் பற்றி எழுதினான். இரண்டு பக்கம்தான், ஆனால் உடுக்கைக்கு விரையும் கை அவனுக்கு விளங்கியிருக்கிறது.

மாற்றுத்திறன் மாணவர்கள் பயன்படுத்தும் உதவிக்கருவிகளுக்கு இந்த வரம்பு எதுவும் பொருந்தாது. அதைத் தனி வரியாகவே எழுதியிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு: வினாத்தாளோ பாடக்குறிப்போ இயந்திரத்தின் துணையோடு தயாரித்தால் அதைத் துறையில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வினாவையும் பாடநூலோடு ஒப்பிட்ட ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். விடைத்தாள் திருத்துவதை அதனிடம் கொடுக்கக்கூடாது. மாணவர் பெயர், பதிவெண் உள்ள எதையும் வெளித்தளங்களில் ஏற்றக்கூடாது. இந்தப் பகுதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மாணவரிடம் கேட்கும் நேர்மையை நாங்கள் முதலில் காட்ட வேண்டும் என்பதால் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆயத்தப்பணி முழுவதையும் கைப்பேசி இல்லாத பிள்ளைகளும் சமமாகச் செய்ய வேண்டுமென்றால், கல்லூரிக் கணினி ஆய்வகத்தை மாலையில் எத்தனை மணி வரை திறந்து வைக்கச் சொல்லலாம்? எங்கள் ஊருக்குக் கடைசி நகரப் பேருந்து ஆறரை மணிக்கு. வேறு கல்லூரிகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதினால், அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்து துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுவேன்.


பதில் 5: மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்

ஆய்வகத்தை மாலையில் திறப்பதைவிட மதிய உணவு இடைவேளையில் திறக்கச் சொல்லுங்கள் அம்மா. எங்கள் பள்ளியில் மாலை நேரம் வைத்தபோது தொலைதூரப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், யாரும் வரவில்லை. மதியத்துக்கு மாற்றிய பிறகு வருகிறார்கள். இருவருக்கு ஒரு கணினி என்று உட்கார வைத்தால் ஒருவர் கேட்பதை மற்றவர் பார்த்துத் திருத்துகிறார். அதுவும் நன்றாகவே நடக்கிறது.